பலாலியில் இறங்கிய பிரதமர்: கமரூனின் யாழ்ப்பாணப் பயணமும் அதைச் சூழ்ந்த சர்ச்சையும்

2013 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் பொதுநலவாய அரச தலைவர்கள் மாநாட்டை இளவரசர் சார்ல்ஸ் தொடக்கிவைத்தார். அந்தத் தொடக்க விழா முடிந்த கையோடு பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் மற்றத் தலைவர்களைக் கொழும்பில் விட்டுவிட்டு வடக்கே பறந்தார். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. விமானம் இறங்கிய இடம் பலாலி. அந்த விமானத் தளத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களில் ஒரு பகுதியினர், இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தும், சில மைல் தொலைவிலுள்ள நலன்புரி நிலையங்களில் (இடம்பெயர்ந்தோர் முகாம்களில்) காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கவென்று வந்தவரின் விமானம், அவர்கள் கால் வைக்க முடியாத மண்ணின் நடுவில்தான் தரையிறங்கியது. வருகையின் திட்டமிடலில் இதை யாரும் கருதியிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறங்குவதற்கு வேறு ஓடுதளமும் இல்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி அன்று எழுந்த வாதம் ஏறக்குறைய முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: போகலாமா, கூடாதா? லண்டனிலும் சென்னையிலும் கொழும்பிலும் வெவ்வேறு காரணங்களுக்காக அதே கேள்வியே கேட்கப்பட்டது. பிறகு நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, போவதற்கும் போகாமல் விடுவதற்கும் பின்னால் என்ன வைக்கப்பட்டிருந்தது என்பதிலேயே வேறுபாடு தெரிகிறது. போய்ச் சாதித்தவரும் உண்டு, போகாமல் சாதித்தவரும் உண்டு, இரண்டும் செய்யாமல் நடுவில் நின்றவரும் உண்டு.

மாநாடு கொழும்புக்கு வந்த கதை

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் கூடிய பொதுநலவாய மாநாட்டில், 2011ஆம் ஆண்டு மாநாட்டைத் தானே நடத்த இலங்கை விரும்பியது. போர் முடிந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. மெனிக் பாம் முகாம்களில் மக்கள் இன்னும் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். அப்போதைய பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுனின் தொழிற்கட்சி அரசாங்கம் இதை எதிர்த்தது. எதிர்ப்பின் விளைவு மறுப்பாக அமையாமல் தள்ளிவைப்பாக அமைந்தது: 2011 அவுஸ்திரேலியாவுக்கு, 2013 இலங்கைக்கு, 2015 மொரிசியசுக்கு. இராஜதந்திரத்தில் இது வழமையான சமரசம். இரண்டு ஆண்டு போனால் எல்லாம் ஆறிவிடும் என்று எண்ணினார்கள் போலும்.

ஆறவில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று 2011இல் அறிக்கை தந்தது. 2012 மார்ச்சிலும் 2013 மார்ச்சிலும் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கை மீது தீர்மானங்களை நிறைவேற்றியது. மாநாட்டுக்கு இரண்டரை மாதம் முன்னர், 2013 ஆகஸ்ட் இறுதியில், ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை முள்ளிவாய்க்கால் வரை போய்வந்து, நாடு எதேச்சாதிகாரத் திசையில் செல்வதாகக் கொழும்பிலேயே பகிரங்கமாகச் சொன்னார். தன்னைச் சந்தித்தவர்களின் வீடுகளுக்குப் படையினரும் பொலிசாரும் போய் விசாரித்தார்கள் என்ற முறைப்பாட்டையும் அவர் அப்போதே வெளியிட்டார். கமரூனின் வருகையை எடைபோடுகிறவர்கள் பலர் இந்தச் சிறிய செய்தியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். பின்னால் நடந்தது என்ன என்பதற்கான முன்னறிவிப்பு அதில் இருந்தது.

இதற்கிடையே செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐக் கைப்பற்றி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வடக்கே வந்தால் கைகொடுத்து வரவேற்க, மக்கள் வாக்களித்துத் தெரிந்த ஒருவர் முதல் முறையாக அங்கே இருந்தார். இந்தப் பயணம் சாத்தியமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

புறக்கணித்தவர்களும் நழுவியவர்களும்

முதலில் முடிவெடுத்தவர் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். தான் கொழும்புக்குப் போகப்போவதில்லை என்று ஒக்டோபர் தொடக்கத்திலேயே அறிவித்து, பாராளுமன்றச் செயலாளர் தீபக் ஒப்ராயை அனுப்பினார். ஒப்ராய் ஆனையிறவில் மலர்வளையம் வைத்தார். அடுத்த மாநாட்டை நடத்தவேண்டிய மொரிசியசின் பிரதமர் நவீன் ராம்கூலம், தானும் வரவில்லை என்று சொன்னதோடு அந்த வாய்ப்பையே கைவிட்டார். 2015 மாநாடு மால்டாவுக்குப் போனது. ஒரு சிறிய தீவு நாடு தன் வீட்டுக் கலியாணத்தையே நிறுத்திக்கொண்டதற்குச் சமமான முடிவு அது. அதற்குக் கிடைத்த கவனம் குறைவு.

இந்தியாவின் கதை நீளமானது. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் பரவி, இலங்கைப் பிரச்சினையை முன்வைத்து தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியிருந்தது. ஒக்டோபர் 24இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், பெயரளவுக்குக்கூட இந்தியா கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. மன்மோகன் சிங்கை யாழ்ப்பாணத்துக்கு வரும்படி விக்னேஸ்வரன் அழைத்திருந்தார். ஆக, இந்தியப் பிரதமர் முன்னால் இரண்டு தமிழ்க் குரல்கள் இருந்தன: சென்னை போகாதே என்றது, யாழ்ப்பாணம் வா என்றது. இரண்டுமே நியாயமான கோரிக்கைகள். மன்மோகன் சிங் கொழும்புக்கும் போகவில்லை, யாழ்ப்பாணத்துக்கும் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை மாநாட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் வரமுடியாமை குறித்து இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்குக் கடிதம் எழுதினார். இந்தியா கலந்துகொண்டதா, புறக்கணித்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் ஒரு முரண் இருந்தது. குர்ஷித் போவதையும் கண்டித்து நவம்பர் 12இல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி இரண்டாவது தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடிவதற்குள், தஞ்சாவூருக்கு அருகே விளாரில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த முள்ளிவாய்க்கால் முற்றம் என்ற நினைவிடத்தின் சுற்றுச்சுவரை, நெடுஞ்சாலை நிலத்தை ஆக்கிரமித்ததாகச் சொல்லி அதே மாநில அரசின் அதிகாரிகள் இடித்தார்கள், பழ. நெடுமாறன் கைதானார். கொழும்பில் எவர் கைகுலுக்குவது என்பதைத் தீர்மானிக்கத் துடித்த அரசுக்குத் தன் நிலத்தில் ஒரு நினைவுச்சுவர் பொறுக்கவில்லை.

கமரூன் கொழும்புக்கு வரும் வழியில், நவம்பர் 14இல், டில்லியில் மன்மோகன் சிங்கைச் சந்தித்தார் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். ஒரே மேசையில் இருந்த இருவரில் ஒருவர் அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் நின்றார்.

பிரித்தானியாவுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. போர் முடிந்த ஆண்டிலிருந்து லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று பழகிய புலம்பெயர் தமிழ் அமைப்புகள் புறக்கணிப்பையே கேட்டன. தொழிற்கட்சியும் பிரதமரைக் குறைகூறியது. 2009இல் அந்தச் சமரசத்துக்கு இணங்கிய கட்சி அதுதான் என்பதைப் பேசியவர்கள் நினைவூட்டவில்லை. பாராளுமன்ற வெளியுறவுக் குழு மட்டும், 2013ஐ இலங்கைக்கு விட்டுக்கொடுத்ததில் அன்றைய வெளியுறவு அலுவலகம் காட்டிய தயக்கத்தை அந்த ஒக்டோபரில் சுட்டிக்காட்டியது. கமரூனின் பதில் ஒன்றே: வெறும் நாற்காலியால் கேள்வி கேட்க முடியாது.

நூலகம், அச்சுக்கூடம், முகாம்

அவர் போன மூன்று இடங்களும் தற்செயலாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. புதுப்பிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தில் விக்னேஸ்வரனும் கூட்டமைப்புத் தலைவர்களும் அவரைச் சந்தித்தார்கள். உள்ளே பேசப்பட்டவை அரசியல் அவதானிகளுக்கு வியப்பூட்டக்கூடியவை அல்ல: காணி, படைக்குறைப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு.

அன்றைய நாளின் சாரம் வெளியே இருந்தது. இருநூறு பேருக்கு மேல் நூலகத்தின் முன்னால் கூடிநின்றார்கள், பெரும்பாலும் பெண்கள். கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து பிளாஸ்டிக் உறையிட்டது ஒருத்தி கையில். பள்ளிச் சீருடையில் எடுத்த படம் இன்னொருத்தி கையில். சிலர் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட படங்களை வடக்கில் யாரும் அலுமாரிக்குள் வைப்பதில்லை. எந்த நாளில் எந்த ஆணைக்குழு கூப்பிடும், எந்த வெளிநாட்டார் வருவார் என்று தெரியாததால் அவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பிரதமரின் வாகன வரிசை நகரத் தொடங்கியபோது பெண்கள் முன்னால் பாய்ந்தார்கள், பொலிசார் தள்ளினார்கள், அழுகுரலுக்கு நடுவே வாகனங்கள் ஊர்ந்தன. எதிர்ப்பக்கத்தில் பிரித்தானியாவைக் கண்டிக்கும் பதாகைகளுடன் அரசாங்க ஆதரவாளர் கூட்டம் ஒன்றும் நின்றது. உலகத் தொலைக்காட்சிகளில் அன்றிரவு ஓடியது தள்ளுமுள்ளுக் காட்சியே.

அந்தப் பெண்கள் அங்கே வந்து நின்றது எளிதான காரியமாக இருக்கவில்லை. இரண்டு நாள் முன்னர், கொழும்பில் மனித உரிமை நிகழ்வொன்றுக்குப் புறப்பட்ட காணாமல் போனோரின் குடும்பங்கள் மதவாச்சியில் மறிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. வடக்கே ரயிலில் புறப்பட்ட பிரித்தானியத் தொலைக்காட்சிக் குழு ஒன்று அநுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர்களால் மறிக்கப்பட்டது. கொழும்பு வீதிகளில் பொதுநலவாயக் கொடிகள் பறந்த அதே நாட்களில் வடக்கே போகும் வழியின் நிலை இதுதான்.

உதயன் பத்திரிகை அலுவலகத்தில் கமரூனுக்குக் காட்டப்பட்டவை கண்ணால் கண்டு கையால் தொடக்கூடிய சான்றுகள்: சுவரில் துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்த குழிகள், கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்கள், எரிந்து கருகிய அச்சு இயந்திரம். 2006 மே 2இல், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முதல் நாள், அந்த அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குழிகளைப் பூசி மறைக்காமல் வைத்திருந்தது பத்திரிகையின் முடிவு. அச்சு இயந்திரமோ பழைய காயமல்ல. அது எரிக்கப்பட்டது 2013 ஏப்ரலில், போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆனபின், மாநாட்டுக்கு ஏழு மாதம் முன்னர். போர்க்கால வன்முறை போரோடு போய்விட்டது என்ற கொழும்பின் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை எந்த அறிக்கையும் தந்திருக்க முடியாது.

சுன்னாகம் சபாபதிப்பிள்ளை நலன்புரி நிலையம் மூன்றாவது. கூரையும் சுவரும் தகரம். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, மாரியில் தரை சேறு. நவம்பர் நடு, மாரி தொடங்கிவிட்ட காலம். சொந்த ஊர் எது என்று கேட்டால், தாங்கள் ஒருநாளும் காணாத ஊரின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களில் சிலரின் பெற்றோரே முகாமில் பருவமடைந்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்காகச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போயிருந்தார்கள். போர்க்குற்றம் பற்றி எழுதவந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு இந்தக் காணிக் கணக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. முகாமிலிருந்தவர்களுக்கோ அதுதான் கேள்வியே.

கொழும்பின் பதில்

பயணத்துக்கு முன்பே அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல, இலங்கை ஒரு குடியேற்ற நாடல்ல என்ற தொனியில் பேசியிருந்தார். இந்த வாதத்தை வெறும் சாட்டு என்று ஒதுக்க முடியாது. 1948 வரை ஆண்ட நாட்டின் பிரதமர் வந்து கெடு விதிப்பது தென்னிலங்கையில் எப்படிக் கேட்கும் என்பதைக் கமரூனின் ஆலோசகர்கள் அறியாதவர்கள் அல்லர். கண்ணாடி வீட்டிலிருப்பவர்கள் கல்லெறியக் கூடாது என்று மகிந்த ராஜபக்ச சொன்னபோது, வட அயர்லாந்தில் 1972இல் நடந்த இரத்த ஞாயிறு படுகொலைக்கு உண்மை சொல்லப் பிரித்தானியாவுக்கு முப்பத்தெட்டு ஆண்டு எடுத்ததே என்ற நினைவு எல்லோருக்கும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: 2010இல் அந்த விசாரணை அறிக்கையை ஏற்றுப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டவர் இதே கமரூன். கல் கொழும்பு எண்ணிய இடத்தில் விழவில்லை.

முத்தையா முரளிதரனின் பேச்சு தமிழர்களிடையே அதிகம் கோபத்தைக் கிளப்பியது. கொழும்பில் கமரூனுடன் பந்து வீசி விளையாடிய முரளி, பிரதமரை யாரோ தவறாக வழிநடத்திவிட்டார்கள், வடக்கு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். சாலையும் மின்சாரமும் வந்திருந்தது உண்மை. படத்தோடு நின்ற பெண்கள் சாலை கேட்டு நிற்கவில்லை.

மறுபக்கத்தில், கமரூன் அரசாங்கத்தின் சொந்தக் கணக்கும் சுத்தமாக இருக்கவில்லை. புகலிடம் மறுக்கப்பட்ட தமிழர்களை அதே அரசாங்கம் கொழும்புக்கு விமானமேற்றிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சித்திரவதைக்குள்ளான சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் அந்த ஆண்டிலேயே ஆவணப்படுத்தியிருந்தன. யாழ்ப்பாணத்தில் கலங்கியவரின் உள்துறை அமைச்சு ஹீத்ரோவில் வேறு முகம் காட்டியது. ஆயினும் அதே மாநாட்டில் அவுஸ்திரேலியப் பிரதமர் டொனி அபொட் நடந்துகொண்ட விதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும். கடினமான சூழலில் கடினமானவை நடப்பதுண்டு என்று பூசிமெழுகிய அவர், அகதிப் படகுகளைத் தடுப்பதற்காக இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளைப் பரிசளித்துவிட்டுப் போனார்.

மார்ச் வரை தவணை

நவம்பர் 16இல் கொழும்பில் கமரூன் விதித்த கெடு சுருக்கமானது: வரும் மார்ச் மாதத்துக்குள் நம்பத்தக்க உள்நாட்டு விசாரணை தொடங்காவிட்டால், மனித உரிமைப் பேரவையில் பிரித்தானியாவின் இடத்தைப் பயன்படுத்தி சர்வதேச விசாரணைக்கு முயல்வேன். பேரவைக்குப் பிரித்தானியா தெரிவானது நவம்பர் 12இல். யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் கையில் மூன்று நாள் முன்னர்தான் வாக்கு வந்திருந்தது. ஹார்ப்பரிடம் பேரவை வாக்கு இல்லை, பணம் இருந்தது. இலங்கை தலைமைப் பொறுப்பில் இருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பொதுநலவாயச் செயலகத்துக்கான தன்விருப்பக் கொடுப்பனவை, ஆண்டுக்கு ஒரு கோடி டொலர், 2014 ஏப்ரலில் கனடா நிறுத்தியது. மொரிசியஸ் ஜெனீவாத் தீர்மானத்தை முன்வைத்த நாடுகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

2014 மார்ச் 27இல் மனித உரிமைப் பேரவையின் 25/1 தீர்மானம் 23 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, நடுநிலை வகித்தவை 12. மனித உரிமை ஆணையாளர் அலுவலகமே விசாரணை நடத்தும் என்பது அதன் உள்ளீடு. முந்தைய இரண்டு ஆண்டும் ஆதரித்து வாக்களித்த இந்தியா இம்முறை நடுநிலைக்குப் போனது. கொழும்புக்குப் போகாமல் விட்டதனால் தமிழருக்கு ஆதரவான நிலையை டில்லி எடுத்துவிட்டது என்று நவம்பரில் வெற்றிக்கூச்சல் போட்டவர்களுக்கு அந்த வாக்கு விடை. அலுவலகத்தின் அறிக்கை 2015 செப்டெம்பரில் வந்தது. அடுத்த மாதம் இலங்கையின் புதிய அரசாங்கம் பொறுப்புக்கூறல் பற்றிய 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணையும் கொடுத்தது. 2020இல் கோட்டாபய அரசாங்கம் அதிலிருந்து விலகியது.

ஆகவே சர்வதேச அளவில் இந்தப் பயணம் ஒரு கருவியாக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். ஒரு தீர்மானத்தைக் கமரூனின் ஒருநாள் பயணம் மட்டும் உண்டாக்கிவிடவில்லை. அமெரிக்கா ஏற்கெனவே அந்த வழியில் இருந்தது. ஆனால் பகிரங்கமாகச் சொல்லப்பட்ட தவணை, சொன்னவரையும் கட்டிப்போட்டது.

உள்ளூரில் அதன் விலை வேறாக இருந்தது. தவணை முடிகிற அதே மார்ச்சில், ஜெனீவாவில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டங்களில் முன்வரிசையில் நின்ற ஒரு தாய் கிளிநொச்சி மாவட்டத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். பதின்ம வயது மகள் சிறுவர் நன்னடத்தைப் பிரிவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டாள். தாய் ஏறத்தாழ ஓராண்டு தடுப்பில் இருந்தார். அவர்களின் நிலையை அறியப்போன இரு மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் பிடிக்கப்பட்டு, வெளிநாடுகள் குரல் கொடுத்தபின் சில நாளில் விடப்பட்டார்கள். குரல் கொடுக்கப்பட்டோர் சில நாளில் வெளியே வந்தார்கள், தாய்க்கு ஓராண்டு பிடித்தது என்ற இந்தக் கால வித்தியாசத்தை எந்த இராஜதந்திர மதிப்பீட்டிலும் நான் காணவில்லை. நவநீதம் பிள்ளை ஆகஸ்ட்டில் வெளியிட்ட முறைப்பாட்டின் பொருளும் இதுதான்: பார்க்க வருகிறவர் போய்விடுவார், பார்க்கப்பட்டவர் அங்கேயே இருப்பார். போர் நடந்த நிலத்துக்குத் தலைவர் ஒருவர் வரும்போது, அவர் எங்கே போகிறார் என்பதைத் திட்டமிட ஒரு படையே வேலை செய்கிறது. அவர் போனபின் அந்த வாசலில் நின்றவர்களை யார் கவனிப்பது என்பதற்கு ஓர் ஆளும் இல்லை.

2015 மார்ச் 14இல் நரேந்திர மோடி யாழ்ப்பாணம் வந்தபோது சர்ச்சை பெரிதாக எழவில்லை. ஆட்சி மாறியிருந்தது, கீரிமலை நகுலேஸ்வரத்தில் வழிபாடு, இளவாலையில் வீடு கையளிப்பு, கலாசார நிலையத்துக்கு அடிக்கல் என்று நிகழ்ச்சி நிரலும் உறுத்தாத வகையில் இருந்தது. வலிகாமம் வடக்கில் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன.

2016 செப்டெம்பர் 2இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு வந்தார். ஏழு ஆண்டு முன்னர், 2009 மே 23இல், ஹெலிகொப்டரிலிருந்து முள்ளிவாய்க்கால் கரையைக் குனிந்து பார்த்தவர் அவர். உள்ளே முதலமைச்சர் விக்னேஸ்வரனும் கூட்டமைப்பினரும் இருந்தார்கள். வெளியே பொலிஸ் வரிசைக்கு அப்பால் பெண்கள் நின்றார்கள், கமரூனுக்குக் காட்டிய அதே படங்களோடு. பிளாஸ்டிக் உறை சில படங்களில் மஞ்சளித்துவிட்டிருந்தது.